பத்தொன்பது மாதக் குழந்தை

டாக்டர்கள் எழுதுவதை டாக்டர்களாலேயே படிக்க முடியாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். எங்கள் கடையில் அது கேலி இல்லை, நடந்த சங்கதி. எதிர் மருத்துவமனையின் எலும்பு டாக்டர் ஒருநாள் தான் எழுதிய சீட்டையே நர்ஸ் கையில் கொடுத்து, “நான் என்ன எழுதியிருக்கேன்னு எதிர்க்கடையில கேட்டுட்டு வாம்மா” என்று அனுப்பினார். அந்த நர்ஸ் நேராக லென்ஸ் அக்காவிடம்தான் வந்தார்.

லென்ஸ் அக்கா எங்கள் மருந்துக்கடையில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்கிறார். நான் பில் மேஜையில் உட்காருபவன். நான் வந்தே பதினெட்டு வருடம் ஆகிறது என்றாலும் அவருக்கு இன்னும் ‘புதுத் தம்பி’தான். எந்தக் கிறுக்கலையும் அவர் படித்துவிடுவார். சீட்டைக் கையில் வாங்கியதும் அதைப் பார்க்க மாட்டார். எதிரே நிற்கும் ஆளைத்தான் முதலில் பார்ப்பார். “இருமுறவரா, நொண்டுறவரா, சொறியறவரான்னு தெரிஞ்சா பாதி எழுத்து தானா தெரிஞ்சிடும்” என்பார். பிறகு சீட்டைச் சாய்த்துப் பிடித்து, உதட்டுக்குள் முணுமுணுத்து, அலமாரியின் எந்தத் தட்டுக்குப் போக வேண்டுமோ அங்கே போய் நிற்பார். அதனால்தான் அந்தப் பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய மகளே தன் கைப்பேசியில் அவரை ‘லென்ஸ்’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள்.

கணவர் போய் ஆறு வருடம். மகள் வேறு ஊரில் இருக்கிறாள். கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். சொந்தபந்தத்தில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அந்த மாடிப்படி ஏறிவிடும். பத்திரம், நோட்டீஸ், பழைய கடிதம், பள்ளிச் சான்றிதழ், எல்லாமே. “காகிதம் இல்லாம என்னைப் பார்க்க ஒரு ஆளு வந்தா நான் கதவத் திறந்துட்டு மயங்கி விழுந்துடுவேன்” என்று சிரிப்பார்.

போன வருடம் அவருடைய சித்தப்பா கடைக்கு வந்ததும் ஒரு காகிதத்தோடுதான். எண்பத்தொரு வயது. மரவாடியில் பலகை அளந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார். எங்கள் கடை வாசலில் மூன்று படி இருப்பதை எத்தனையோ முறை எங்களுக்குத் தெரிவித்திருக்கிறார். அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, “பாப்பா!” என்று ஒரு சத்தம் போட்டார்.

ஐம்பத்தேழு வயதுப் பாப்பா குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு இன்சுலின் தேடிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் குழந்தையைத் தேடினார்கள்.

“பாப்பா, இதைப் படி. எனக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல.”

பத்திரிகையிலிருந்து கத்தரித்த அறிவிப்பு. ரயில்பாதை ஓரத்துப் பழைய இடுகாட்டைப் பூங்காவாக மாற்றப்போகிறார்கள். கல்லறை இருக்கிறவற்றை ஒரு மூலையில் ஒதுக்குவார்கள். கல்லோ அடையாளமோ இல்லாத இடத்தில் தங்கள் முன்னோர் இருப்பதாகச் சொல்கிறவர்கள் பதிவேட்டு ஆதாரத்தோடு தொண்ணூறு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்றதெல்லாம் சமப்படுத்தப்படும்.

“எங்கப்பா அங்கதான் இருக்காரு. மேல இயந்திரத்த விட்டு உருட்டப் போறானுங்க” என்றார் சித்தப்பா.

“அங்கயா? அத்தை வாய்க்கால் இடுகாடுன்னுல்ல சொல்லும்?”

“உங்க அத்தை ஆயிரம் சொல்லுவா. நான் என் கண்ணால பார்த்தேன்.”

எங்கள் ஊரில் பழைய இடுகாடு இரண்டு. ஒன்று ரயில்பாதை ஓரம், மற்றொன்று வாய்க்கால் கரையில். சித்தப்பா ஐந்து வயதில் பார்த்ததை அன்று கடையில் நின்றபடியே சொன்னார். யாரோ ஒருவரின் தோள்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கீழே நிறையப் பேர் நின்றார்கள். ஒரு ரயில் வந்தது. அது போய் முடியும்வரை எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சரக்கு ரயில். இருபத்தாறு பெட்டி. ரயில் போனதும் அவருடைய அம்மா, “அப்பாவுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லு” என்றார். அவரும் சொன்னார்.

இந்த ஒரு விஷயத்தில்தான் அவருக்கும் அவருடைய அக்காவுக்கும், அதாவது லென்ஸ் அக்காவின் அத்தைக்கும், பல வருடச் சண்டை. அப்பா செத்தபோது அத்தைக்குப் பதினோரு வயது. அவரும் கூடவே போனவர். வாய்க்கால் கரை, வழுக்கும் சேறு, மரப்பாலம் எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. “சின்னவன் வரவே இல்ல. காய்ச்சல்ல கிடந்தான், எதிர்வீட்டுல விட்டுட்டுப் போனோம். வராத இடத்துல ரயில் வந்துச்சாம், பெட்டிய எண்ணினானாம்” என்பார். பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் இது கூச்சலாகி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். அதன்பிறகு இருவரும் மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள், அப்பாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். நடுவில் பிறந்தவர் லென்ஸ் அக்காவின் அப்பா. அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, ஆளை விடுங்க” என்று எழுந்து போய்விடுவார். அவரும் இப்போது இல்லை.

“சரி சித்தப்பா, புத்தகத்துல இருக்கும்ல. நான் படிச்சுச் சொல்றேன்” என்றார் லென்ஸ் அக்கா. அவர் படிக்காத எழுத்தா!

அந்த வாரம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனார். மாடியில் பதிவேட்டு அறை. இரண்டு இடுகாட்டுப் புத்தகங்களும் அங்கேதான், வேறு வேறு பீரோவில். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். ஆனால் பழைய எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. லென்ஸ் அக்கா படிப்பதைப் பார்த்ததும், ஒரு மாதமாகத் தீர்க்காமல் வைத்திருந்த ஏழெட்டு விண்ணப்பங்களை எடுத்து முன்னால் போட்டுவிட்டார். அவற்றையெல்லாம் படித்துக் கொடுத்த பிறகுதான் அக்காவுக்குத் தன் வேலையே தொடங்கியது.

ரயில்பாதைப் புத்தகத்தில், தாத்தா இறந்த வருடத்தில் அவர் பெயர் இல்லை. சித்தப்பாவுக்கு வயதுக் கணக்கு தப்பியிருக்கலாம் என்று முந்தின வருடத்தைப் பார்த்தார், இல்லை. அடுத்த வருடத்தைப் புரட்டினார். அங்கே ஒரு பக்கம் அவரை நிறுத்திவிட்டது.

சாயங்காலம் கடைக்கு வந்தவர் முகம் விழுந்திருந்தது. கடையில் போடும் வெள்ளைக் கோட்டை மாட்டாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தாத்தா கிடைச்சாரா அக்கா?”

“இல்ல தம்பி. ஆனா ஒரே நாள்ல முப்பத்துநாலு பிள்ளைங்க. எல்லாம் மூணு வயசுகூட ஆகாததுங்க. ஒண்ணு மூணு மாசம், ஒண்ணு பதினோரு மாசம். எந்தக் காய்ச்சல் வந்து அள்ளிட்டுப் போச்சோ. காரணம்னு ஒரு வரி எழுதல, பாவி. அதுல ஒண்ணு ராணி. பத்தொன்பது மாசம்.”

அன்று குழந்தைகளுக்கான மருந்து வாங்க வந்தவர்களிடம் வழக்கத்தைவிட இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டார்.

இரண்டாம் முறை போய் வாய்க்கால் புத்தகத்தைப் பார்த்தார். அங்கே தாத்தா சட்டென்று கிடைத்துவிட்டார். தேதி சரி, தொழில் கொத்தனார், வயது முப்பத்தெட்டு. முத்து முத்தான எழுத்து. அத்தை சொன்னது அத்தனையும் சரி.

போய்ப் பார்த்தால் இடம்தான் இல்லை. வாய்க்கால் இடுகாட்டின் தாழ்ந்த பாதி என்றைக்கோ சரிந்து, மண் கொட்டி நிரப்பி, இப்போது லாரி பழுது பார்க்கும் பட்டறையாகிவிட்டது. அக்கா அங்கே போய் நின்றார். “யாரைப் பார்க்கணும்?” என்று ஒரு மெக்கானிக் கேட்டார். “எங்க தாத்தாவை” என்று சொல்ல வாய் வந்து, “சும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம்.

சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் அவரே வந்துவிட்டார். அக்கா பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். கிழவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்து நான் வரிசையைக்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். அவர் கத்தவில்லை.

“அப்போ நான் பார்த்தது யாரைப் பாப்பா?”

“வேற யாராவது சொந்தக்காரங்களா இருக்கும் சித்தப்பா. அஞ்சு வயசுதானே.”

“அம்மா ‘அப்பாவுக்குச் சொல்லு’ன்னாங்களே. வேற யாரையோ காட்டி அப்படிச் சொல்லுவாங்களா?”

சித்தப்பா எழுந்து போனார். வாசல் படிகளை அன்று எண்ணவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான குழப்பம். தினமும் கடைக்குத் தொலைபேசி வரும். “பாப்பா, என் கல்யாணத்துல மழை பெய்ஞ்சுதா?” என்பார். “நான் அப்போ பிறக்கவே இல்ல சித்தப்பா” என்பார் இவர். “எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தது உங்கப்பாதானே? இல்ல அதுவும் நானா நினைச்சுக்கிட்டதா?” ஒருநாள், “மரவாடியில எனக்கு எத்தனை விரல் இருந்துச்சு?” என்று கேட்டார். சுண்டுவிரல் நுனி ரம்பத்தில் போனது எல்லாருக்கும் தெரியும். அது பிறவியிலேயே அப்படியோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். எண்பத்தொரு வருடம் நின்ற சுவரில் ஒரு கல்லை உருவியதும் மற்றதெல்லாம் ஆட ஆரம்பித்துவிட்டது. “நான் போய் அந்தப் புத்தகத்தத் திறந்திருக்கவே கூடாது” என்று லென்ஸ் அக்கா கையைப் பிசைந்தார்.

அத்தையிடம் போய்ச் சொன்னால் அவராவது சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். அத்தைக்கு எண்பத்தேழு. ஊரின் மறுகோடியில் மகள் வீட்டில் இருக்கிறார். மருத்துவமனைப் படுக்கை உறைகள் தைத்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சந்தோஷப்படவில்லை.

“அவன் பொய் சொல்றான்னு நான் என்னைக்கும் நினைச்சதில்லடி. பொய் சொல்ற முகமா அது? ஆனா அவன் வரல. அதுவும் நிஜம். ரெண்டும் எப்படி நிஜமா இருக்கும்னு எழுபது வருஷமா யோசிக்கிறேன். யோசிச்சா தலை வலிக்குது, உடனே அவன் மேல கோவம் வருது.”

“வேற யாரையாவது ரயில்பாதைக்குக் கொண்டுபோனீங்களா அத்தை? தாத்தா பேருல வேற ஆளு?”

“அந்தப் பேரு ஊருல பத்துப் பேருக்கு இருந்துச்சு. ஆனா எங்கப்பாவ யாரு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா? சொன்னா அவரே திரும்பிப் பார்க்க மாட்டாரு. நெட்டையா இருப்பாரு, சாரம் கட்டாமலே பாதிச் சுவரு எழுப்புவாரு. அதனால எல்லாருக்கும் ஏணி. கொத்தனார் ஏணி. எங்கம்மாவே ஏணின்னுதான் சொல்லும்.”

அக்காவுக்கு இது புதிய செய்தி. கேட்டுச் சிரித்துவிட்டு வந்தார். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் அவர் சொன்னபோது தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம். கூட்டம் இல்லாத நேரம். ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளோடு வந்தாள், ஒன்று இடுப்பில், ஒன்று அவள் அம்மாவின் தோளில். இரண்டுக்கும் சளி. அக்கா இரண்டு பாட்டில் எடுத்து, அளவு மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டு ஒட்டி எழுதினார். எங்கள் கடையில் குழந்தை மருந்தில் வயதைச் சுருக்கி எழுதுவது வழக்கம். ‘வ.மா. 9’ என்று எழுதினார். வயது மாதம் ஒன்பது. இரண்டாவது பாட்டிலிலும் ‘வ.மா. 9’ என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“என்னக்கா, மருந்து மாறிடுச்சா?” என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“இதுங்க ரெண்டுக்கும் ஒன்பது மாசம்.”

“இரட்டைன்னா அப்படித்தானேக்கா.”

“அங்க முப்பத்துநாலு குழந்தை தம்பி. ரெண்டு குழந்தைக்குக்கூட ஒரே மாசம் இல்ல. ஒண்ணுல ஆரம்பிச்சு முப்பத்துநாலு வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை. முன்னபின்ன மாறி இருந்துச்சு, அதனால எனக்குப் படல.” பாட்டில்களை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, மெதுவாக, “அது மாசமே இல்ல” என்றார்.

மறுநாள் காலை என்னையும் கூட வரச் சொன்னார். “என் கண்ணை நான் நம்பல, நீயும் வா” என்றார். முதலாளியிடம் அவரே பேசி, கடையைத் தாமதமாகத் திறக்க வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

எழுத்தர் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ரயில்பாதைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் மை ஊறி, துணைக்கால்கள் எல்லாம் கரைந்திருந்தன. அக்கா ஒரு வரியில் விரலை வைத்தார்.

“என்ன பேருன்னு படி.”

நான் பார்த்தேன். “காணி?”

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “தோணிங்க. தோணிதான்.”

“நான் ராணின்னு படிச்சேன். ஒரு பொம்பளப் பிள்ளைன்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்ல.” அக்கா விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. “அது ஏணி. எங்க தாத்தா.”

பக்கத்தில் ‘வ.மா. 19’ என்பது போல் இருந்தது. அக்கா வாய்க்கால் புத்தகத்தைத் திருப்பினார். போன தடவை பெயர், தேதி, தொழில், வயதோடு நிறுத்தியவர், இட எண்ணைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். கொத்தனார், முப்பத்தெட்டு வயது, இட எண் பத்தொன்பது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சின்ன ‘ர’. சரிபார்த்த குறி என்று அக்கா அதை விட்டுவிட்டிருந்தார்.

அப்புறம் மூவரும் உட்கார்ந்து முப்பத்துநாலு பேரையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். நான் எண்ணைச் சொல்ல, எழுத்தர் வாய்க்கால் பக்கத்தைப் பார்க்க, அக்கா பெயரைப் படித்தார். முப்பத்துமூன்று அப்படியே பொருந்தியது. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அது இன்றுவரை புரியவில்லை. ஒருத்தர்கூடக் குழந்தை இல்லை. படகுக்காரர், சலவைக்காரர், ஒரு வாத்தியார், இரண்டு தையல்காரர்கள். முப்பத்துநாலு பேருக்கும் அந்தச் சிவப்பு ‘ர’ இருந்தது. பீரோவில் தேடி எழுத்தர் பழைய உத்தரவு ஒன்றையும் எடுத்துவிட்டார். வாய்க்கால் கரை உடைந்ததால் தாழ்ந்த பகுதியில் இருந்த முப்பத்துநாலு சடலங்களை ரயில்பாதை இடுகாட்டுக்கு மாற்றுவது என்று இருந்தது. அது ‘வ.மா.’ இல்லை. கால் கரைந்துபோன ‘வா.மா.’, வாய்க்கால் மாற்றம். சிவப்பு ‘ர’, ரயில்பாதை. அன்றைக்கு மாற்றிப் புதைத்தவர்கள் வாய்க்கால் புத்தகத்தில் எந்த எண்ணில் இருந்தார்கள் என்பதுதான் அந்த எண்.

“உங்க தாத்தா பேரு ரெண்டு புத்தகத்துலயும் ஏன் வேற வேறயா இருக்கு?” என்று எழுத்தர் கேட்டார்.

“அன்னைக்கு எழுதினவரு, கூட நின்னவங்களைக் கேட்டு எழுதியிருப்பாரு. எங்க பாட்டி என்ன சொல்லுமோ அதச் சொல்லியிருக்கும்” என்றார் அக்கா.

அவர் முதலில் போனது அத்தை வீட்டுக்குத்தான். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“எந்த வருஷம்னு சொன்னே?”

சொன்னார்.

“அந்த வருஷம் நான் இங்க இல்லடி. அப்பா போனதும் என்னையும் உங்கப்பாவையும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, வேற ஊரு. நாலு வருஷம் கழிச்சுத்தான் வந்தோம். சின்னவன் மட்டும்தான் அம்மாகூட இருந்தான்.” விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, “ரெண்டாம் தடவை அம்மா அவனைத்தான் கூட்டிட்டுப் போயிருக்கு. அவனுக்கு அதுதான் மொதத் தடவை. யாரும் எங்களுக்குச் சொல்லல” என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “என்னைக் கிளப்பு, சின்னவன் வீட்டுக்குப் போகணும்” என்றார்.

அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தை உள்ளே போனதும் லென்ஸ் அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக ரயில்பாதை இடுகாட்டுக்குப் போனோம். வண்டி ஓட்ட ஆள் இல்லையென்று என்னையும் அழைத்தார்கள்.

இரண்டு பக்கமும் சாய்ந்த கற்கள், இடையில் முழங்கால் உயரப் புல். காவல்காரர் கையில் ஒரு நீளக் கம்போடு எங்களை அழைத்துப் போனார். மேற்குச் சுவரை ஒட்டி ஒரு நீளமான மேடு. “இது மாத்தி வச்ச வரிசைன்னு எங்க மாமனார் சொல்லுவாரு. ஏன் மாத்தினாங்கன்னு அவருக்கும் தெரியாது” என்றார். முப்பத்துநாலு பேரும் ஒரே வரிசை. புத்தகத்தில் தாத்தா பதினோராவது வரி. ஆகவே வரிசையில் பதினோராவது இடம். நம்பர் போட்ட இரும்பு முளைகளை என்றோ யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சித்தப்பா அளவுநாடா கொண்டுவந்திருந்தார். ஒரு முனையிலிருந்து அளந்து, முப்பத்துநாலால் வகுத்து, பதினோராவது இடத்தில் போய் நின்றார். “இங்க.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினே?” என்று அத்தை நாற்காலியிலிருந்து கேட்டார்.

“வாசப்பக்கத்துலேர்ந்து.”

“அப்போ வாசல் இந்தப் பக்கம் இல்லங்க. ரோடு போட்டப்போ மாத்தினது. பழைய வாசல் அந்தாண்டை” என்றார் காவல்காரர்.

சித்தப்பா மறுமுனைக்குப் போய் அளந்தார். அங்கிருந்து பதினோராவது என்றால் இங்கிருந்து இருபத்துநாலாவது. பழைய வாசல் பக்கமிருந்து எண்ண ஆரம்பித்தார்களா, மறுமுனையிலிருந்தா என்று யாருக்குத் தெரியும்? அவர் இரண்டு இடத்துக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தார். “அன்னைக்கு ரயில் எனக்கு எதிர்ல போச்சு. அப்போ நான் இப்படித் திரும்பி... இல்ல, தோள்ல இருந்ததால...” என்று திரும்பித் திரும்பி நின்று பார்த்தார். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தையின் நாற்காலியை நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தோம். அப்புறம் அத்தை கேட்டார்.

“அன்னைக்கு அம்மா அழுதாங்களா?”

“தெரியலக்கா. நான் மேல இருந்தேன். அம்மாவோட தலைதான் தெரிஞ்சுது. முகம் தெரியல.”

“தோள்ல வச்சிருந்தது யாரு?”

“அதுவும் தெரியல. தலைமுடில சுண்ணாம்பு இருந்துச்சு. கையெல்லாம் எரிஞ்சுது.”

“அப்பாகூட வேலை செஞ்ச ஆளா இருக்கும்” என்றார் அத்தை. “மொதத் தடவை அம்மா அழவே இல்லடா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அழல. அதான் கேட்டேன்.”

லென்ஸ் அக்கா தள்ளிப் போய் புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். எங்கே பிடுங்குகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

விண்ணப்பம்தான் மிச்சம். தொண்ணூறு நாளில் எட்டு நாள் பாக்கி. இடத்தைத் துல்லியமாகக் குறிக்காவிட்டால் ஏற்க மாட்டோம் என்று விதி. பதினோராவதா, இருபத்துநாலாவதா? யோசித்துப் பார்த்துவிட்டு லென்ஸ் அக்கா வரிசை முழுவதையும் கேட்டு எழுதினார். எழுத்தர் படிவத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“அம்மா, முப்பத்துநாலு பேரும் உங்களுக்குச் சொந்தமா?”

“எங்க தாத்தா அதுல ஒருத்தர். எவருன்னு தெரியாது. அப்போ எல்லாரையும்தானே கேட்கணும்?”

“உறவுன்னு ஒரு பத்தி இருக்கே. அதுல என்ன எழுதறது?”

அதை அக்கா வீட்டுக்கு எடுத்து வந்து அத்தையிடமும் சித்தப்பாவிடமும் கேட்டார். ‘தெரிந்தவர்கள்’ என்று எழுதலாமா என்றார் சித்தப்பா. “ஒருத்தரையும் தெரியாது, என்ன தெரிஞ்சவங்க?” என்றார் அத்தை. அரைமணி நேரம் சண்டை. பதினேழு வருடமாகப் போடாமல் வைத்திருந்த சண்டையை எல்லாம் சேர்த்துப் போட்டார்கள். முடிவில் ‘ஒன்றாக இடம் மாறியவர்கள்’ என்று அத்தை சொல்ல, அக்கா எழுதினார். அப்படி ஒரு உறவு நகராட்சிப் படிவத்தில் அதற்கு முன் வந்திருக்காது. மேலதிகாரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டதாக எழுத்தர் சொன்னார்.

வரிசையைச் சுற்றி இடுப்பளவு கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கல், முப்பத்துநாலு பெயர். பெயர்ப் பட்டியலைக் கல்வெட்டுகிறவருக்கு லென்ஸ் அக்காதான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என்னிடமும் எழுத்தரிடமும் தனித்தனியே படிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். பொருந்தாத அந்த ஒரு பெயரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் இரண்டு புத்தகத்திலும் உள்ள இரண்டு பெயரையும் போட்டுவிட்டார். அதனால் எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து வரும். சித்தப்பா எண்ணிப் பார்த்துவிட்டுத் தகராறு செய்தார். கல் நட்ட பிறகு படகுக்காரரின் கொள்ளுப்பேத்தி என்று ஒரு பெண் விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வாத்தியார் வீட்டார் ஒருமுறை வந்தார்கள். மற்றவர்களைத் தேடி யாரும் வரவில்லை.

சித்தப்பா இப்போது தொலைபேசியில் சந்தேகம் கேட்பதில்லை. கல்யாணத்தில் மழை பெய்தது என்றே முடிவு செய்துவிட்டார். அத்தைக்கும் அவருக்கும் இப்போது வேறு வழக்கு. இரண்டாம் தடவை நடந்ததை அம்மா ஏன் யாரிடமும் சொல்லவில்லை? பிள்ளைகள் மறுபடி அழக்கூடாது என்று இருக்கும் என்கிறார் அத்தை. சொல்ல என்ன இருக்கிறது, வீடு மாறுவது மாதிரிதானே என்று அம்மா நினைத்திருக்கும் என்கிறார் சித்தப்பா. லென்ஸ் அக்காவைக் கேட்டால், “காகிதத்துல இருந்தா படிச்சுச் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொள்கிறார்.